பேச்சு இருக்கும்போதே மாறுங்கள்: முற்றிய புற்றுநோயில் பாலியேட்டிவ் (நோய்த்தணிப்பு) பிரிவுக்குப் போகிறவர்களுக்கு

அக்காவின் ஸ்கேன் உறையைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்தேன். "இனிமேல் கீமோ கொடுத்தால் உடம்புக்குச் சிரமம்தான் அதிகம். பாலியேட்டிவ் டீமைப் பார்க்க எழுதித் தருகிறேன்" என்று டாக்டர் சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அத்தான் என்னைப் பார்த்துக் கேட்டார்: "அப்படின்னா கைவிட்டுட்டாங்களா?" எனக்கும் அதேதான் தோன்றியது. சீட்டை மடித்துப் பையில் வைத்தோம். மூன்று வாரம் அது பையிலேயே கிடந்தது.

அந்த மூன்று வாரத்தில் அக்கா ஒரு இரவுகூட முழுசாகத் தூங்கவில்லை. வாந்தி நிற்காமல் போன பிறகுதான் சீட்டைத் தேடி எடுத்தோம். பாலியேட்டிவ் வார்டுக்குப் போன இரண்டாவது நாளே வலி அடங்கிவிட்டது. ஆனால் அதற்கு அப்புறம் அவள் தெளிவாகப் பேசியது ஆறே நாள்தான்.

இதை எழுதுவதற்கு அந்த மூன்று வாரம்தான் காரணம். நான் மருத்துவர் இல்லை. மருந்தின் அளவும் தேர்வும் உங்கள் டீம் முடிவுசெய்ய வேண்டியவை. எப்போது கேட்பது, யாரிடம் கேட்பது, எதைக் கையில் எடுத்துப் போவது, எதற்குப் பயப்பட வேண்டாம் என்பதை மட்டும் சொல்கிறேன். நோயாளி தன் வாயால் பேசும் நிலையில் இருக்கும்போதே இந்த மாற்றத்தைச் செய்யுங்கள். எங்கே வலிக்கிறது, எது பயமாக இருக்கிறது, எது வேண்டாம் என்று அவர் சொல்வதை வைத்துத்தான் அந்தப் பிரிவில் எல்லா வேலையும் நடக்கிறது.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றி

பாலியேட்டிவ் கேரைத் தமிழில் நோய்த்தணிப்பு என்றும் வலிநிவாரணப் பிரிவு என்றும் சொல்கிறார்கள். நோயை வேரோடு எடுக்க முடியாவிட்டாலும் நோயால் வரும் அவதியைக் குறைப்பதுதான் அதன் வேலை. சாவுக்கு முந்தின சில நாட்களுக்கு மட்டுமானது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. கீமோ, ரேடியேஷன் நடந்துகொண்டிருக்கும்போதே பாலியேட்டிவ் டீமும் கூடவே பார்க்கலாம். நோய் முற்ற முற்ற பாலியேட்டிவ் டீமின் பங்கு கூடும், கீமோ, ரேடியேஷனின் பங்கு குறையும். ஒரு கதவை மூடிவிட்டு இன்னொரு கதவைத் திறப்பதுபோல ஒரே நாளில் நடக்க வேண்டியதில்லை.

சிசிலி சாண்டர்ஸ் என்பவர் 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை (குணப்படுத்த முடியாத நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லத்தை) தொடங்கினார். நர்ஸாக வேலை பார்த்தவர், பிறகு சமூகப் பணியாளர், அதற்கும் பிறகு படித்து மருத்துவரானவர். உடம்பு வலி, மன வேதனை, குடும்பக் கவலை, 'எனக்கு ஏன் இப்படி' என்ற கேள்வி எல்லாம் ஒன்றாகப் பின்னிக் கிடப்பதை அவர் 'முழு வலி' என்றார். இந்தப் பிரிவில் மருத்துவரோடு நர்ஸ், சமூகப் பணியாளர், மனநல ஆலோசகர் என்று ஒரு கூட்டமே வந்து பேசுவதற்குக் காரணம் இதுதான். அக்கா படுக்கைக்கு முதல் நாள் நான்கு பேர் வந்தபோது நான் எரிச்சல்பட்டேன். யார் எதற்கு வருகிறார்கள் என்று தெரிந்திருந்தால் பட்டிருக்க மாட்டேன்.

சீக்கிரம் போனால் ஆயுள் குறையும் என்ற பயமும் இருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டனில் நடந்த ஒரு ஆய்வு 2010இல் வெளியானது. நுரையீரல் புற்றுநோய் பரவியிருந்த 151 பேரில் ஒரு பாதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே பாலியேட்டிவ் கேரும் கொடுத்தார்கள். அவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது, அன்றாட வாழ்க்கை மேலாக இருந்தது. ஆயுளின் இடைநிலைக் கணக்கும் (பாதிப்பேர் அதைவிட அதிகம், பாதிப்பேர் குறைவு) 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். எல்லாப் புற்றுநோய்க்கும் எல்லாருக்கும் இப்படியே நடக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் முன்கூட்டியே போனவர்களுக்கு அந்த ஆய்வில் ஆயுள் குறையவில்லை என்று சொல்லலாம்.

எப்போது வாய் திறந்து கேட்பது

டாக்டரே சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். 'குடும்பத்தார் மனசு உடைந்துவிடுவார்கள்' என்று அவர்களும் தள்ளிப்போடுவது உண்டு. வலி மாத்திரை கொடுத்தும் இரவில் எழுப்புகிற வலி, திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நிலை, பகலில் பாதி நேரத்துக்கு மேல் படுக்கையிலேயே கழிவது, சாப்பாடு விழுங்க முடியாமல் எடை இறங்குவது, ஒரு கீமோ பலிக்காமல் அடுத்ததற்கு மாற்றும் பேச்சு. இவற்றில் ஒன்று வந்தாலே கேட்டுவிடுங்கள். கடைசியாகச் சொன்னது முக்கியம். கீமோ மாற்றும் நாள்தான் கேட்பதற்கு மிக நல்ல நாள். அன்று டாக்டரும் நீங்களும் அடுத்து என்ன என்று எப்படியும் உட்கார்ந்து பேசுகிறீர்கள்.

எப்படிக் கேட்பது என்று தெரியாவிட்டால் இந்த வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: "டாக்டர், நீங்கள் பார்ப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. வலிக்கும் மற்ற தொந்தரவுக்கும் பாலியேட்டிவ் டீமும் கூடவே பார்க்க எழுதித் தர முடியுமா?"

அப்புறம் இன்னும் மூன்று கேள்விகள். இந்த கீமோவால் என்ன எதிர்பார்க்கிறீர்கள், நோய் குறையுமா, தொந்தரவு குறையுமா, நாள் கூடுமா? கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? காலம் வாரக்கணக்கா, மாதக்கணக்கா, வருஷக்கணக்கா? மூன்றாவது கேள்விக்கு யாரும் தேதி சொல்ல மாட்டார்கள், சொல்லவும் முடியாது. ஆனால் வாரமா மாதமா என்று தெரிவதே பெரிய உதவி. பார்க்க வேண்டியவர்களை வரவழைப்பது, கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் எல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

அவரிடம் மறைக்கலாமா

இந்த இடத்தில்தான் பெரும்பாலான குடும்பங்கள் தடுமாறுகின்றன. நாங்களும் தடுமாறினோம். "அவளுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டா" என்று அத்தான் சொன்னார். வார்டுப் பெயர்ப் பலகையைக்கூட அவள் பார்க்காதபடி சக்கர நாற்காலியை வேறு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனோம். அன்று மாலை நர்ஸம்மா அவள் கையைப் பிடித்து, "உங்க நோயைப் பத்தி நீங்க என்ன நினைச்சுட்டு இருக்கீங்க?" என்று கேட்டார். அக்கா எந்தத் தயக்கமும் இல்லாமல் சொன்னாள்: "எனக்குத் தெரியும்மா. இவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் சும்மா இருக்கேன்."

மூன்று வாரமாக இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஆகவே என் யோசனை இது. எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்றில்லை. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரையே கேட்கலாம். 'எல்லா விவரமும் எனக்கு வேண்டும்' என்பவர் உண்டு, 'என் மகனிடம் சொல்லிவிடுங்கள், எனக்கு வேண்டாம்' என்பவரும் உண்டு. இரண்டுமே அவருடைய உரிமை. பொய் மட்டும் சொல்ல வேண்டாம். 'சீக்கிரம் குணமாகி வீட்டுக்குப் போயிடலாம்' என்று ஒருமுறை சொல்லிவிட்டால், உடம்பு அதற்கு எதிராகப் போகும் ஒவ்வொரு நாளும் உங்கள் மேலுள்ள நம்பிக்கை தேயும். இந்தப் பேச்சை எப்படித் தொடங்குவது என்பதில் பாலியேட்டிவ் டீமுக்கு நல்ல பழக்கம் உண்டு. அவர்களை முன்னால் விட்டு நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள்.

வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் அவர்களையும் முற்றிலும் விலக்கி வைக்காதீர்கள். வயதுக்குத் தகுந்தபடி, 'தூங்குறாங்க', 'ஊருக்குப் போறாங்க' போன்ற மழுப்பல் இல்லாமல், நேரான சொற்களில் சொல்லுங்கள்.

மாறும் நாளில் கையில் இருக்க வேண்டியவை

பாலியேட்டிவ் கேர் எல்லா ஆஸ்பத்திரியிலும் ஒரே வடிவில் இருக்காது. சில இடங்களில் தனி வார்டு இருக்கும். சில இடங்களில் நீங்கள் இருக்கும் வார்டுக்கே டீம் வந்து பார்க்கும். சில இடங்களில் புறநோயாளிப் பிரிவு மட்டும். எது என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வார்டு மாறுகிறது என்றால் இனி முதன்மை மருத்துவர் யார், பழைய டாக்டர் தொடர்ந்து பார்ப்பாரா, இரவு இரண்டு மணிக்கு வலி வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

காகிதங்களில் கடைசி ஸ்கேன் அறிக்கை, பயாப்ஸி அறிக்கை, கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, சமீபத்திய ரத்தப் பரிசோதனை போதும். மொத்தக் கட்டையும் கொண்டுபோய்க் குவிக்க வேண்டாம். மருந்துகளை மட்டும் பட்டியலாக எழுதாமல், உண்மையான அட்டைகளையும் பாட்டில்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எழுதிக் கொடுத்தது ஒன்று, வீட்டில் உண்மையில் சாப்பிட்டது இன்னொன்று என்று எப்போதும் இருக்கும். நாட்டு மருந்தோ யாரோ சொன்ன பொடியோ கொடுத்திருந்தால் அதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். கல்லீரலும் சிறுநீரகமும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் வலி மருந்தையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நோட்டு. சாதாரணக் கோடு போட்ட நோட்டு. அதில் நேரம், வலி எவ்வளவு, என்ன மருந்து கொடுத்தோம், எவ்வளவு நேரத்தில் குறைந்தது, மலம் கழித்தாரா, வாந்தி எத்தனை தடவை. நாங்கள் தாமதமாக ஆரம்பித்தோம், ஆனாலும் முதல் ரவுண்டிலேயே அந்த டாக்டர் என் பேச்சைக் கேட்டதைவிட நோட்டைத்தான் அதிக நேரம் பார்த்தார். 'மாத்திரை கொடுத்து மூணு மணி நேரத்துல திரும்ப வலி' என்று ஐந்து இரவுக்கு வரிசையாக எழுதியிருந்ததில் விரலை வைத்து, "இதுதான் எனக்கு வேணும்" என்றார். நான்கு மணி நேரம் தாங்க வேண்டிய மருந்து மூன்றிலேயே தீர்கிறது என்றால் அளவு போதவில்லை என்று பொருள்.

வலிக்கு எண் சொல்லுதல்

முதல் நாள் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எண் சொல்லச் சொல்வார்கள். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் இதற்கு மேல் வலியை நினைத்தும் பார்க்க முடியாது. வலிக்கு மட்டுமல்ல. கனடாவின் எட்மன்டன் நகரில் 1991இல் உருவான ஒரு அட்டவணை பல இடங்களில் புழங்குகிறது. வலி, களைப்பு, குமட்டல், மனச்சோர்வு, பதற்றம், தூக்கக் கலக்கம், பசி, மூச்சு, மொத்தத்தில் எப்படி இருக்கிறது என்று ஒன்பதுக்கும் எண் கேட்கும்.

இதில் குடும்பத்தார் செய்யும் தவறு ஒன்று உண்டு. நோயாளி பதில் சொல்வதற்கு முன்னால் நாம் சொல்லிவிடுவோம். "இப்ப பரவாயில்ல டாக்டர், ஒரு நாலு இருக்கும்" என்று நான் சொன்னேன். அக்கா மெதுவாக, "எட்டு" என்றாள். என்னைப் பயமுறுத்தக் கூடாது என்று அவள் முகத்தைச் சாதாரணமாக வைத்திருந்திருக்கிறாள். அவர் சொல்லும் எண்தான் எண். அதோடு வித்தியாசத்தையும் சொல்லச் சொல்லுங்கள்: எரிகிறதா, குத்துகிறதா, பிசைகிறதா, ஷாக் அடிப்பதுபோல் ஓடுகிறதா. நரம்பிலிருந்து வரும் வலிக்கு மருந்து வேறு, எலும்பிலிருந்து வருவதற்கு வேறு. எலும்பில் பரவிய வலிக்கு ஒரே ஒருமுறை கொடுக்கும் ரேடியேஷனே பலருக்கு நல்ல நிவாரணம் தரும். 'ரேடியேஷன் முடிஞ்சு போச்சு' என்று நினைத்தவர்களும் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

மார்பின்

மார்பின் என்பது அபினி வகையைச் சேர்ந்த வலுவான வலி மருந்து. இந்தப் பெயரைக் கேட்டதும் எங்கள் வீட்டில் எல்லோரும் அமைதியாகிவிட்டோம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 1986இல் புற்றுநோய் வலிக்கு ஒரு முறையை வெளியிட்டது. முடிந்தவரை வாய் வழியாக, கடிகாரப்படி, வலியின் அளவுக்கேற்பப் படிப்படியாக. இதில் 'கடிகாரப்படி' என்பதை நாம்தான் அடிக்கடி மீறுகிறோம். வலி வந்தால் கொடுக்கலாம், இல்லையென்றால் ஒரு மாத்திரை மிச்சம் என்று நினைக்கிறோம். அப்படிச் செய்தால் ஒவ்வொரு முறையும் வலியை முழுதாக எழும்ப விட்டுப் பிறகு அதோடு சண்டை போட வேண்டியிருக்கும். சாதாரண மார்பின் மாத்திரையோ திரவமோ அரை மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கும், சுமார் நான்கு மணி நேரம் நிற்கும். மெதுவாகக் கரையும் வகை பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. அந்த வகையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. முழு மருந்தும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் கலந்துவிடும்.

நேரப்படி கொடுக்கும் மருந்துக்கு நடுவிலும் வலி கிளம்பினால் கொடுக்க ஒரு கூடுதல் டோஸ் எழுதித் தருவார்கள். அது எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம் என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். ஒரு நாளில் இந்தக் கூடுதல் டோஸ் அடிக்கடி தேவைப்பட்டால் டீமிடம் சொல்லுங்கள். அடிப்படை அளவைக் கூட்ட வேண்டிய நேரம் அது.

அடிமையாகிவிடுவாரோ என்ற பயம் எங்களுக்கும் இருந்தது. வலிக்காக, அளவு பார்த்து, மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கும்போது முற்றிய புற்றுநோயில் அது பிரச்சினையாவது அபூர்வம். நாள்பட்டுச் சாப்பிட்டால் உடம்பு பழகிக்கொள்ளும் என்பது உண்மை. ஆகவே திடீரென்று நிறுத்தக் கூடாது. பழகுவதும் அடிமையாவதும் வேறு வேறு.

பக்க விளைவு பற்றி. முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமாக இருப்பார். பல நாள் தூங்காத உடம்பு கடன் தீர்ப்பதும் அதில் சேர்ந்தது. குமட்டல் வந்தால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கும், அதுவரை மாத்திரை உண்டு. மலச்சிக்கல் மட்டும் அடங்காது, மார்பின் இருக்கும்வரை அதுவும் இருக்கும். ஆகவே மார்பின் எழுதும் அன்றே மலமிளக்கியும் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். மூன்று நாள் மலம் போகாவிட்டால் நான்காவது நாளுக்குக் காத்திருக்காதீர்கள்.

எழுப்பினாலும் எழாத அளவுக்குத் தூக்கம், மூச்சு மிக மெதுவாகப் போவது, கை கால் திடீர் திடீரென்று வெட்டி இழுப்பது, இல்லாததைப் பார்ப்பதுபோல் பேசுவது. இவை அளவு அதிகமாகிவிட்டதையோ சிறுநீரகம் மருந்தை வெளியேற்றத் தவறுவதையோ காட்டலாம். உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். இதற்கு மாற்று வழிகள் உண்டு.

விழுங்க முடியாதவர்களுக்குத் தோலில் ஒட்டும் ஃபென்டனில் (மார்பின் போன்ற இன்னொரு வலி மருந்து) பட்டை உண்டு, பெரும்பாலும் 72 மணி நேரத்துக்கு ஒன்று. ஒட்டியதும் வலி போகாது, முழுப் பலன் தெரிய அரை நாளிலிருந்து ஒரு நாள் ஆகும். அதன் மேல் வெந்நீர்ப் பையோ ஹீட்டிங் பேடோ வைக்கவே கூடாது. சூட்டில் மருந்து வேகமாக உள்ளே போய்விடும். புதியது ஒட்டும்போது பழையதை எடுத்தாயிற்றா என்று முதுகையும் தோளையும் தடவிப் பாருங்கள்.

அக்காவுக்கு வாந்தியால் மாத்திரை நிற்கவில்லை. ஒரு சின்னப் பெட்டி போன்ற சிரிஞ்ச் பம்ப் வைத்தார்கள். தோலுக்கு அடியில் மெல்லிய ஊசி, அதன் வழியாக 24 மணி நேரமும் சொட்டுச் சொட்டாக வலி மருந்தும் வாந்தி மருந்தும். அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். அன்று இரவு அவள் ஏழு மணி நேரம் தூங்கினாள். நான் தூங்கவில்லை. ஒவ்வொரு பத்து நிமிடமும் எழுந்து அவள் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் கண் விழித்து, "நீ போய்ப் படு, மூஞ்சியப் பாரு" என்றாள். பல வாரத்துக்குப் பிறகு எனக்குத் தெரிந்த அக்கா அன்றுதான் பேசினாள்.

மற்ற அவதிகள்

மூச்சுத்திணறல் வலியைவிடப் பயமுறுத்தும். ஆக்சிஜன் அளவு சரியாக இருந்தாலும் மூச்சு முட்டுவதாக உணரலாம், அது நடிப்பல்ல. தலைப்பக்கத்தை உயர்த்துங்கள், ஜன்னலைத் திறங்கள், ஒரு சின்ன விசிறியைக் கன்னத்திலும் மூக்கிலும் காற்றுப் படும்படி வையுங்கள். கேட்க எளிமையாக இருக்கும், ஆனால் நிஜமாகவே உதவுகிறது. குறைந்த அளவு மார்பின் மூச்சுத்திணறலுக்கும் மருந்து. நெஞ்சிலோ வயிற்றிலோ நீர் கோத்திருந்தால் அதை எடுத்துவிட்டாலே பாதித் தொல்லை தீரும்.

வயிற்றில் பரவிய புற்றுநோயில் குடல் அடைத்துக்கொள்வது உண்டு. வயிறு உப்பி, மலமோ காற்றோ பிரியாமல், பச்சையாக வாந்தி வந்தால் அதுவாக இருக்கலாம். அறுவைச் சிகிச்சை எல்லோருக்கும் பொருந்தாது. மருந்தாலேயே வாந்தியைப் பெருமளவு குறைக்க முடியும்.

ஒன்றை மட்டும் தனியாக நினைவில் வையுங்கள். முதுகெலும்பில் பரவியிருப்பவருக்குப் புதிதாக முதுகுவலி கூடி, கால் வலுவிழந்தாலோ மரத்தாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு போனாலோ அது அவசரம். தண்டுவடம் நசுங்குவதால் அப்படி வரலாம். காலையில் டாக்டர் வரட்டும் என்று இருக்காதீர்கள். அந்த மணி நேரத்திலேயே சொல்லுங்கள். தாமதித்தால் நடை திரும்பாமலே போகலாம்.

எது வேண்டும், எது வேண்டாம்

இதயம் நின்றால் நெஞ்சை அமுக்கி மீட்க முயல வேண்டுமா, வென்டிலேட்டர் வேண்டுமா, ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோக வேண்டுமா என்று டீம் கேட்கும். கேட்கும்போது கோபம் வரும். ஆனால் இதை நெருக்கடி நேரத்தில் வராந்தாவில் நின்றுகொண்டு முடிவுசெய்வதைவிடக் கொடுமை வேறில்லை. முற்றிய புற்றுநோயில் இதயம் நின்ற பிறகு நெஞ்சை அமுக்கி மீட்பது அரிதாகவே பலிக்கும், விலா எலும்பு உடைவதும் சகஜம். 'மீட்பு முயற்சி வேண்டாம்' என்று எழுதிக் கொடுப்பது அந்த ஒன்றுக்கு மட்டும்தான். வலி மருந்தோ வாந்தி மருந்தோ உடம்பைத் துடைத்துவிடுவதோ அதனால் நிற்காது. இதைக் கையெழுத்துப் போடும்போதே உரக்கக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

அவர் பேசும் நிலையில் இருந்தால் அவரிடமே கேட்க வேண்டும். பேச முடியாமல் போனால் யார் பேசுவது என்பதையும் அவரே சொல்லட்டும். இதற்கான சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். எந்தக் காகிதம் செல்லும் என்பதை ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளர் சொல்லுவார். அக்கா என்னைத்தான் சொன்னாள். அத்தானுக்கு வருத்தம். "அவருக்கு வேண்டாம்னு சொல்ல வராது, அதான்" என்றாள்.

டிரிப்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். சாப்பிடாமல் இருக்கிறாரே, டிரிப்ஸாவது ஏற்றுங்கள் என்று கேட்காத குடும்பம் இல்லை. கடைசிக் காலத்தில் உடம்புக்கு உணவையும் நீரையும் முன்போல் பயன்படுத்திக்கொள்ள முடியாது. பசியும் தானாகவே அடங்கிவிடும். சாப்பிடாததால் அவர் போகவில்லை, நோய் முற்றியதால் சாப்பாடு நிற்கிறது. அந்த நிலையில் ஏற்றும் நீர் கால் வீக்கமாகவும் நெஞ்சில் சளியாகவும் மாறலாம். வாய் வறட்சிக்கு டிரிப்ஸைவிட ஈரப் பஞ்சு நல்லது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை உதட்டையும் நாக்கையும் நனைத்து, உதட்டில் கொஞ்சம் உதட்டுக் களிம்பு தடவுங்கள். ஏதாவது செய்ய வேண்டும் என்று தவிக்கும் கைக்கு இது நல்ல வேலை. வற்புறுத்தி ஊட்டுவது மட்டும் வேண்டாம்.

வீட்டுக்குப் போகலாமா

பலருக்குப் போகலாம். வார்டில் தொந்தரவு கட்டுக்குள் வந்ததும் டீமே அனுப்பும். போகும் முன் மூன்றை உறுதி செய்யுங்கள்: ராத்திரியில் கூப்பிட ஒரு எண், குறைந்தது இரண்டு வாரத்துக்கு மருந்து, புரட்டிப் படுக்க வைக்க இரண்டாவது ஆள். கடைசி ஒன்று இல்லாமல் வீட்டில் பார்ப்பது மிகக் கஷ்டம். எழ முடியாதவரைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். வார்டிலேயே இருப்பதென்று முடிவானாலும் குற்ற உணர்ச்சி வேண்டாம். அக்கா வார்டிலேயே இருக்க விரும்பினாள். ஜன்னல் ஓரக் கட்டில் மட்டும் கேட்டாள், கொடுத்தார்கள்.

கடைசி நாட்கள்

தூங்கும் நேரம் கூடும். கை, கால் சில்லிட்டு ஊதா நிறத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். சிறுநீர் குறையும். மூச்சு வேகமாகப் போய், நின்று, மறுபடி தொடங்கும். தொண்டையில் சளி உருளும் சத்தம் கேட்கும். நமக்கு அது தாங்க முடியாத சத்தம், அவருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் குறையும், மருந்தும் உண்டு. சிலருக்கு அமைதியின்மை வந்து கட்டிலிலிருந்து இறங்கப் பார்ப்பார்கள். சிறுநீர் அடைத்திருக்கிறதா, மலச்சிக்கலா, வலியா என்று முதலில் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் அமைதிப்படுத்த மருந்து கொடுப்பார்கள்.

பதில் வராவிட்டாலும் பேசுங்கள். கேட்கும் சக்தி கடைசிவரை இருக்கலாம். கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு சொத்து, பில், யாருக்குச் சொல்லியனுப்புவது என்று பேச வேண்டாம். அதற்கு வராந்தா இருக்கிறது. நீங்கள் வெளியே போன ஐந்து நிமிடத்தில் உயிர் போய்விட்டால் உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ளாதீர்கள். அப்படி நிறையப் பேருக்கு நடக்கிறது.

அப்புறம்

மீதமிருக்கும் மார்பினையும் பட்டைகளையும் ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் ஒருநாள்கூட வைக்காதீர்கள்.

பல பாலியேட்டிவ் டீம்கள் சில வாரம் கழித்துக் குடும்பத்தைக் கூப்பிட்டு விசாரிக்கும். கூப்பிடாவிட்டால் நீங்களே போய்ப் பேசலாம். அதுவும் அவர்கள் வேலையில் சேர்ந்ததுதான். எனக்கு நர்ஸம்மா ஆறு வாரம் கழித்து போன் செய்தார். நலம் விசாரித்தபின் வேறு ஏதாவது கேட்கணுமா என்றார். நான் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டுவிட்டேன்: "கடைசி ராத்திரி மருந்து ஏத்தினதாலதான் போயிட்டாளா?"

அவர் போனை வைக்கச் சொல்லவில்லை. சார்ட்டை எடுத்து வந்து, கடைசி மூன்று நாளின் அளவுகளை ஒவ்வொன்றாக, மணியோடு வாசித்தார். மூன்று நாளும் ஒரே அளவு. நான் என் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு பக்கத்தில் டிக் போட்டுக்கொண்டே வந்தேன். எல்லாம் ஒத்துப்போனது. உங்களுக்கும் அந்தக் கேள்வி இருந்தால் கேளுங்கள். பதில் சார்ட்டிலேயே எழுதியிருக்கும்.